மட்கிய பைகளைத் திருப்பி ஒப்படைத்தல்

இருசப்பனிடம் இருந்த பைகளை மீட்டு வருவதற்காகக் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு குழு கல்வராயன் மலைக்குப் புறப்பட்டபோது, அந்தப் பைகள் இந்த உலகத்திலேயே இல்லை. அது குழுவுக்குத் தெரியும். இருசப்பனுக்கும் தெரியும். இல்லாமல் போகவேண்டும் என்பதற்காகவே அவை செய்யப்பட்டன என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஜீப்புக்கு டீசல் போட்டாகிவிட்டது. டீசல் போட்டபின் போகாமல் இருக்க விதிகளில் இடமில்லை.

முதலிலிருந்து சொன்னால்தான் இது விளங்கும்.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே, ஊர் முடிந்து கரும்பு ஆரம்பிக்கிற இடத்தில், நீல வண்ணம் அடித்த மூன்று மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. 'தாவரச் சர்க்கரை நெகிழி வளர்ச்சி நிறுவனம்' என்று வாசலில் பித்தளை எழுத்தில் பொறித்திருந்தார்கள். அவ்வளவு நீளத்தை யார் சொல்வது? சுற்றுவட்டாரத்தில் அதற்குச் 'சர்க்கரை ஆபீஸ்' என்று பெயர். அந்தப் பெயரை நம்பி வாரத்துக்கு நாலு பேராவது வெறும் வயிற்றோடு வந்து காவலாளியிடம் கையை நீட்டுவார்கள். "இங்க ரத்தம் எடுக்க மாட்டாங்க, பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்று அவர் சொல்லி அனுப்புவார். முகம் வாடி நிற்பவர்களுக்கு மட்டும் வெந்தயத்தை ஊறவைத்துக் காலையில் குடிக்கச் சொல்வார். நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து பொதுமக்களுக்கு அதனால் கிடைத்த பலன் இந்த வெந்தய யோசனை ஒன்றுதான்.

நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. நாம் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் பை மண்ணில் மட்காது; மாடு தின்றால் மாடு போய்விடும். அதற்குப் பதிலாகக் கரும்பிலிருந்தோ மரவள்ளிக் கிழங்கிலிருந்தோ சர்க்கரையைப் பிரித்தெடுத்து, பாலுக்கு உறை ஊற்றுவதுபோல ஊற்றிப் புளிக்கவைத்து, புளித்ததைக் காய்ச்சி இறுக்கி மணிமணியாக்கி, அந்த மணிகளை உருக்கிப் பை செய்துவிட்டால், வேலை முடிந்ததும் புதைத்துவிடலாம். மண் அதைத் தின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்கத்தான் நிறுவனம். பல வருஷமாகக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார்கள். ஆண்டுதோறும் கருத்தரங்கு நடக்கும். கருத்தரங்குக்கு பிளக்ஸ் பேனர், பிளாஸ்டிக் தாளில் சுற்றிய பூச்செண்டு, பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர், தங்க நிறத்தில் பிளாஸ்டிக் கேடயம். பிளாஸ்டிக்கின் தீமைகளைப் பேசி முடித்துக் கலையும்போது அரங்கத்தைக் கூட்டி அள்ள டிராக்டர் வரவேண்டியிருக்கும்.

இயக்குநர் முனைவர் நாராயணசாமிக்கு ஆராய்ச்சியின் மேல் அளவு கடந்த பிரியம். அது முடிந்துவிடக் கூடாதே என்ற கவலையிலேயே அவருக்குப் பாதித் தலை நரைத்திருந்தது.

அங்கே போய் வேலைக்குச் சேர்ந்தாள் செந்தமிழ்ச்செல்வி. திருக்கோவிலூர்க்காரி, வேதியியல் படித்தவள். உள்விவரத்தை யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை. பை செய்வதற்கென்று வைத்த நிறுவனமாயிற்றே, பை செய்யவேண்டும்போலிருக்கிறது என்று அவளாகவே நினைத்துக்கொண்டு, மரவள்ளிச் சர்க்கரையிலிருந்து பை செய்துவிட்டாள்.

செய்ததை மண்ணில் போட்டுப் பார்க்கவேண்டும். அதற்காகத்தான் அவள் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினாள்.

வெள்ளிமலையிலிருந்து கரியாலூர் போகிற வழியில், சாலையை விட்டுக் கொஞ்சம் மேலே ஏறினால் இருசப்பனின் சரிவு நிலம். சாமையும் மரவள்ளியும் போடுவான். ஆனால் அவனுக்கு மனசெல்லாம் பலா. இரண்டு முறை நிறையப் பலாக் கன்றுகள் வாங்கி வந்து வைத்தான். இரண்டு முறையும் நடும்போது கறுப்பு பாலிதீன் பையைக் கிழித்தான். மண் உதிர்ந்தது, ஆணிவேர் ஒடிந்தது, கன்று செத்தது. பலாவுக்கு ஆணிவேர் போனால் எல்லாம் போயிற்று. மூன்றாம் முறை ஆசையை வெளியில் சொல்லவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. அவன் மனைவி செல்லியம்மாள் வாய் சும்மா இருக்காது.

"இந்தப் பைங்கள்ல கன்னு வளத்து, பையோட அப்படியே நட்டுடுங்க அண்ணா" என்றாள் செந்தமிழ்ச்செல்வி. "கிழிக்கவே வேணாம். பை தானா மட்கிடும். வேருக்கு ஒண்ணும் ஆவாது."

"தானா மட்குமா? நான் இன்னா பண்ணணும்?"

"ஒண்ணுமே பண்ண வேணாம்."

ஒன்றும் செய்யவேண்டாம் என்று ஓர் ஆபீஸ்காரர் சொல்லி அவன் கேட்டது அதுவே முதல்முறை. சந்தோஷமாக அவள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டான். 'பொருட்கள் தற்காலிகமாக வழங்கப்படுகின்றன, பரிசோதனை முடிந்ததும் திருப்பி ஒப்படைக்கப்பட வேண்டும்' என்று அதில் அச்சடித்திருந்தது. அவனும் படிக்கவில்லை. அவளும் படிக்கவில்லை. நாற்காலிக்கும் நுண்ணோக்கிக்கும் என்று அச்சடித்து வைத்த அதே தாள்தான் அது.

ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போயின. கன்றுகள் ஒன்றுகூடச் சாகவில்லை. முழங்கால் உயரம் வந்து, பளபளவென்று இலை விட்டன. இருசப்பன் காலையில் எழுந்ததும் அங்கே போய் நிற்பான். செல்லியம்மாள் அடுப்படியிலிருந்து, "பலாப்பழம் பழுத்துதா? ரெண்டு சொளை எடுத்துகினு வா" என்று கத்துவாள். ஆனால் தண்ணீர் சுமந்து ஊற்றியதில் பாதிக் குடம் அவள் தலையில் வந்ததுதான்.

செந்தமிழ்ச்செல்வி வந்து ஒரு கன்றின் ஓரமாக விரலால் மண்ணைக் கிளறிப் பார்த்தாள். வேர் தன் பாட்டுக்கு வெளியே போயிருந்தது. பை இல்லை. இன்னொன்றைக் கிளறினாள். இல்லை. நாலைந்து இடத்தில் பார்த்தாள். எங்கும் இல்லை. சேற்றுக் கையோடு செல்லியம்மாளைக் கட்டிப்பிடித்து அவள் குதித்த குதியில் பக்கத்தில் மேய்ந்த ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின.

"எம்மா, இன்னா கெடச்சிது?" என்று இருசப்பன் ஓடிவந்தான்.

"ஒண்ணும் கெடைக்கல அண்ணா! ஒண்ணுமே கெடைக்கல!" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

படித்தவர்கள் சந்தோஷம் வேறு மாதிரிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவனும் சிரித்தான்.

பதினைந்து நாள் கழித்து, பைகளோடு உடனே நேரில் வரவேண்டும் என்று சர்க்கரை ஆபீஸிலிருந்து ஆள் வந்து சொன்னார்கள்.

வாசலில் காவலாளி அவனைப் பார்த்ததும் வெந்தயம் என்று ஆரம்பித்தார். சர்க்கரை வியாதி இல்லை, பை விஷயம் என்று சொன்னதும், இத்தனை வருஷத்தில் ஆபீஸ் விஷயமாக ஆபீஸுக்கு வந்த முதல் ஆள் என்பதால் எழுந்து நின்று ஒரு பிளாஸ்டிக் அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார். உள்ளே செந்தமிழ்ச்செல்வி சிவந்த கண்ணோடு நின்றிருந்தாள்.

இயக்குநர் அறையில் ஏசி குளிர் எலும்புவரை இறங்கியது.

"பை எங்கே?" என்றார் நாராயணசாமி.

"மண்ணுக்குள்ள போய்டிச்சிங்க."

"யாரைக் கேட்டுப் போனது?"

இருசப்பன் செந்தமிழ்ச்செல்வியைப் பார்த்தான்.

"சார், மட்கிடுச்சு சார். அதுதானே சார் நம்ம வெற்றி" என்றாள் அவள்.

"வெற்றி என்றால் காட்டுங்கள், பார்ப்போம்."

"இல்லாமப் போனதுதான் சார் வெற்றி."

நாராயணசாமி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை. ஒரு தகப்பனின் வருத்தம்தான் இருந்தது.

"அம்மா, இல்லாத ஒன்றை நான் மேலிடத்துக்கு எப்படி அனுப்புவது? இத்தனை வருஷமாக ஒன்றுமில்லாததைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன், நான் மறுக்கவில்லை. ஆனால் அதிலெல்லாம் முந்நூறு பக்கம் இருந்தது. கெட்டி அட்டை இருந்தது. இதில் என்ன இருக்கிறது? இன்னொன்றும் சொல்கிறேன். கண்டுபிடித்துவிட்டோம் என்று சொன்னால், அப்புறம் நீங்கள் எதற்கு என்று கேட்பார்கள். இந்தக் கட்டடத்தில் எத்தனை குடும்பம் சாப்பிடுகிறது! உன் பை மட்கிற்று என்பதற்காக நாங்கள் எல்லோரும் மட்கிப்போக முடியுமா?"

இருசப்பனுக்கு அவர்மேல் இரக்கமாகக்கூட இருந்தது. "நீங்க நல்லாத்தான் இருக்கணும் சார்" என்றான் மனதார.

"அப்படியென்றால் கிடங்கில் பையை ஒப்படைத்துவிட்டுப் போ."

கிடங்கு அலுவலர் வீரமுத்து நல்ல மனிதர். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை: கொடுத்த பொருள் திரும்பி வரவேண்டும். யாருக்கும் எதையும் கொடுக்காமலே காலம் தள்ளியதால் அதுவரை அவர் கிடங்கில் ஒரு குண்டூசிகூடக் குறைந்ததில்லை. முதன்முதலாகக் கொடுத்தது இந்தப் பைகளைத்தான்.

"இன்னாப்பா, பை இருக்குதா, ஒடஞ்சிடுச்சா, காணாப்போச்சா, திருடு போச்சா? எங்ககிட்ட இந்த நாலுதான் உண்டு. உன்னுது இதுல எது?"

"மண்ணாப் போச்சிங்க."

"அது இதுல இல்லியே."

"சார், அந்தப் பை மண்ணாப் போறதுக்குன்னே செஞ்சது" என்றாள் செந்தமிழ்ச்செல்வி.

வீரமுத்து அவளை நிமிர்ந்து பார்த்தார். "இன்னிக்கிப் பை மண்ணாப் போறதுக்குன்னு செஞ்சதும்ப. நாளைக்கி இன்னொருத்தன் வந்து பீரோ காத்தாப் போறதுக்குன்னு செஞ்சதும்பான். நான் இன்னா பண்றது?" என்றவர் கொஞ்ச நேரம் யோசித்தார். முகம் தெளிந்தது. "சரி. மண்ணாப் போச்சின்னா மண்ணக் கொண்டா. வாங்கி வெச்சிக்கிறேன்."

இது நியாயமாகவே பட்டது இருசப்பனுக்கு. ஊருக்குப் போய், கன்றுகளின் ஓரமாக வேர் படாமல் பார்த்துப் பார்த்து மண்ணைச் சுரண்டி, ஒரு யூரியா சாக்கு நிறையக் கட்டி பஸ்ஸில் போட்டுக் கொண்டுவந்தான். வீரமுத்து வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டு, மேஜைமேல் கொட்டிப் பரப்பினார். மண்ணுக்குள்ளிருந்து ஒரு மண்புழு தலையை நீட்டியது.

வீரமுத்து நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "இது இன்னாது?"

"மண்புழு சார்."

"நாங்க பைதான குடுத்தோம்? புழுவு குடுக்கலியே?"

அரைமணி நேரத்தில் நிறுவனமே கிடங்கு வாசலில் கூடிவிட்டது. உயிருள்ள பிராணி ஒன்று அனுமதி இல்லாமல் ஆய்வு நிறுவனத்துக்குள் வந்திருக்கிறது. முதலில் அதற்கு வருகையாளர் அட்டை கொடுக்கவேண்டும் என்றார் ஒருவர். எங்கே மாட்டுவது என்று இன்னொருவர் கேட்டார். அதற்குள் நாராயணசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, புழுவை உற்றுப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பையைத் தின்றது இதுவாக இருந்தால்?"

கூட்டம் ஓர் அடி பின்னால் நகர்ந்தது.

"நிறுவனத்தின் உடைமை இப்போது இதன் வயிற்றில் இருக்கலாம். விசாரணை முடியும்வரை இதை வெளியே விடக்கூடாது."

புழுவை ஒரு கண்ணாடிக் குடுவையில் போட்டு, கொஞ்சம் மண்ணையும் போட்டு, வீரமுத்துவின் பொறுப்பில் வைத்தார்கள். விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட குழு அமைந்தது. குழு புழுவை முன்னாலிருந்து பார்த்தது, பின்னாலிருந்து பார்த்தது. எது முன், எது பின் என்பதில் கருத்து வேறுபாடு வந்து ஒரு வாரம் போயிற்று. வீரமுத்து தினமும் குடுவையில் தண்ணீர் தெளித்தார். மெல்ல மெல்ல அதற்கு ஒரு வெற்றிலைக் காம்பு, அழுகிய வாழைத்தோல் என்று வீட்டிலிருந்து கொண்டுவரத் தொடங்கினார். "பாவம், நம்ம ஆபீஸ்ல மட்க வெக்கிற வேல தெரிஞ்ச ஆளு இது ஒண்ணுதான்" என்று அதனிடமே சொன்னாராம்.

இவ்வளவு சிறிய வயிற்றில் அத்தனை பையும் இருக்க முடியாது என்று கடைசியில் குழு முடிவு சொன்னது. புழு நிரபராதி. ஆக, பை மண்ணில்தான் இருக்கவேண்டும். கன்றுகளைத் தோண்டிப் பார்ப்பது என்று தீர்மானமாயிற்று.

அந்த மீட்புக் குழுதான் டீசல் போட்ட ஜீப்பில் புறப்பட்டது. நாராயணசாமி, வீரமுத்து, செந்தமிழ்ச்செல்வி, ஒரு போட்டோகிராபர், மண்வெட்டியோடு டிரைவர். மலைப்பாதையின் வளைவுகளில் இயக்குநருக்குக் குடலைப் புரட்டியது. ஒரு கேரி பேக்கில் வாந்தி எடுத்து, முடிச்சுப் போட்டு, ஜன்னல் வழியாகப் பள்ளத்தில் வீசிவிட்டு, "இயற்கை அழகு" என்றார்.

இருசப்பன் சாமையில் களை எடுத்துக்கொண்டிருந்தான். அவன் எழுந்து வருவதற்குள் அவன் நிலத்தில் பேனர் ஏறிவிட்டது: 'உடைமை மீட்பு விழா.' சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் போடப்பட்டன. கன்றுகளுக்கு நடுவில் நின்று நாராயணசாமி பேசினார். கேட்டவர்கள் இருசப்பனும் செல்லியம்மாளும் நாலு ஆடும்.

"அன்பார்ந்த மலைவாழ் பெருமக்களே! இந்த மண்ணில் எங்கள் பைகள் மறைந்துவிட்டன. மறைந்ததை நாங்கள் மனமார வரவேற்கிறோம். ஆனால் மறைந்தது எப்படி இருக்கிறது என்று பார்க்கிற உரிமை நிறுவனத்துக்கு உண்டு. ஒவ்வொரு கன்றையும் வேரோடு எடுத்து, வேரைக் கழுவி, பை உண்மையிலேயே இல்லைதானா என்று உறுதிசெய்த பிறகு, உரிய மரியாதையோடு கன்றுகளை உங்களிடமே ஒப்படைப்போம். கன்று செத்துவிட்டால் நீங்கள் எங்களுக்குப் பதில் சொல்லவேண்டும் என்ற கவலை வேண்டாம். பலாக் கன்று எங்கள் உடைமை அல்ல!"

அவரே கைதட்டினார். டிரைவர் மண்வெட்டியோடு முதல் கன்றிடம் போனான்.

இருசப்பனுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. ஓடிப்போய் அந்தக் கன்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். "சார், சார், ஆணிவேரு ஒடிஞ்சிடும் சார். ரெண்டு தபா வெச்சி ரெண்டு தபாவும் போச்சி. இது பொழச்சிக்கிச்சி சார். வோணும்னா என்ன ஜெயில்ல போடுங்க."

"உன்னைப் போட்டால் கிடங்கில் பை குறைவது சரியாகிவிடுமா?" என்றார் நாராயணசாமி.

"எனக்கு மட்டும் ஆசையாப்பா?" என்றார் வீரமுத்து. "பையக் குடுத்துடு. நான் பாட்டுக்குப் போய்க்கினே இருக்கேன்."

"இல்லாத பைக்கு அவரு எங்க சார் போவாரு?" என்று செந்தமிழ்ச்செல்வி கத்தினாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மண்வெட்டி நுனி இருசப்பனின் விரலுக்குப் பக்கத்தில் மண்ணில் இறங்கியது.

அதுவரை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்ற செல்லியம்மாள் விடுவிடுவென்று ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனாள். ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்து, நாராயணசாமியின் காலடியில் தலைகீழாகக் கவிழ்த்தாள். இருசப்பன் முன்பு கன்று வைக்கும்போது கிழித்துப் போட்ட கறுப்பு பாலிதீன் பைகள் மலையாய்க் கொட்டின.

"பை பைன்னு உயிர வாங்கறீங்களே, இந்தாங்க பை! எடுத்துகினு ஒழியுங்க! எந்தக் காலத்துல தூக்கிப் போட்டது, மட்கியும் தொலையல, ஒண்ணும் தொலையல!"

காறித் துப்புவதுபோலத்தான் அவள் அதைச் செய்தாள். அவர்களை வெட்கப்படுத்திவிட்டதாகவே நினைத்தாள். ஆனால் வீரமுத்து மெல்லக் குனிந்தார். ஒரு பையை எடுத்து, மண்ணைத் தட்டி, ஊதி விரித்தார். அவர் கண் கலங்கியது.

"சார்" என்றார். "பை."

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எண்ணத் தொடங்கினார். எண்ணி முடித்துத் திடுக்கிட்டார். "ரெண்டு ஜாஸ்தி இருக்குது." குறைவதைக்கூடச் சமாளிக்கலாம், ஜாஸ்தியானால் யாரும் காப்பாற்ற முடியாது. அந்த இரண்டையும் செல்லியம்மாள் கையில் திணித்து, பெற்றுக்கொண்டதாக அவளிடம் ஒரு கைநாட்டும் வாங்கிக்கொண்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

செந்தமிழ்ச்செல்வி முன்னால் வந்தாள். "சார், இது நம்ம..."

சொல்லவந்தவள் இருசப்பனைப் பார்த்தாள். அவன் இன்னும் கன்றை விடவில்லை. மண்வெட்டியும் மண்ணை விட்டு எழவில்லை. எத்தனை மாதம், எத்தனை முறை கொட்டித் திரும்பச் செய்தது. புளித்த வாடை துணியில் ஏறி வீட்டில் யாரும் பக்கத்தில் வராமல் இருந்தது. எல்லாம் ஒருமுறை அவள் நினைவில் ஓடியது.

"...நம்ம பைதான் சார்" என்றாள்.

நாராயணசாமி ஒரு பையை வாங்கி இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். கிழியவில்லை. பலம் கொண்ட மட்டும் இழுத்தார். கிழியவில்லை. அவர் முகத்தில் ஏதோ ஒன்று விடியத் தொடங்கியது.

"மட்கவே இல்லை!" என்றார். "ஒரு மழை, ஒரு வெயில் பார்த்தும் புதுசு போலிருக்கிறது! அப்படியென்றால் நம் ஆராய்ச்சி..." குரல் தழுதழுத்தது. "தோற்றுவிட்டது! வீரமுத்து, நாம் தோற்றுவிட்டோம்! இன்னும் பத்து வருஷத்துக்கு நமக்கு வேலை இருக்கிறது!"

வீரமுத்துவைக் கட்டிக்கொண்டார். டிரைவரைக் கட்டிக்கொண்டார். பிறகு, யாரும் தடுப்பதற்குள், இருசப்பனையும் கன்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். போட்டோகிராபர் படம் எடுத்தார்.

அடுத்த மாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு திருமண மண்டபத்தில் தோல்வி விழா நடந்தது. நிறுவனத்துக்கு ஆயுள் நீட்டிப்பு வந்திருந்தது. மீட்கப்பட்ட பைகளைக் கண்ணாடிப் பெட்டியில் விளக்குப் போட்டு வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துவந்து காட்டினார்கள். உடைமையைச் சேதமில்லாமல் பாதுகாத்த விவசாயி என்று இருசப்பனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பளபளவென்ற நைலான். அதைப் போர்த்திய மறு நிமிஷம் அவனுக்கு வேர்த்து ஊற்றியது. மேடையில் எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லை. எல்லோரும் தட்டும்போது அவனும் தட்டினான்.

தோல்விக்கு யாராவது ஒருவர் பொறுப்பேற்கவேண்டும் என்பதால் செந்தமிழ்ச்செல்வியை வேலையிலிருந்து விடுவித்திருந்தார்கள். விழா முடிந்து பந்தியில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தபோது அவள் நாராயணசாமியிடம் போனாள்.

"சார், நான் செஞ்ச மணி ரெண்டு மூட்டை கெடங்குல இருக்கு. புளிக்கவெக்கிற உறை ஒரு பாட்டில் இருக்கு. அத நான் எடுத்துக்கலாமா? வெள்ளிமலையில பொண்ணுங்க சேர்ந்து நாத்துப் பண்ணை வெச்சிருக்காங்க. அவங்களோட சேர்ந்து செஞ்சு பாக்கறேன்."

"எதை? அந்தத் தோற்றுப்போன பொருளையா?" நாராயணசாமி பெரிய மனதோடு சிரித்தார். "தாராளமாக எடுத்துக்கொள். தோல்வியில் நிறுவனம் எந்த உரிமையும் கோராது என்று எழுதியே தருகிறேன். ஆனால் ஒன்று, நீ எப்போதாவது அதில் வெற்றி பெற்றால் தயவுசெய்து எங்களிடம் சொல்லாதே."

பாயசக் கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார். வீரமுத்து மூட்டைகளைத் தானே தள்ளுவண்டியில் வைத்து பஸ் ஸ்டாண்டுவரை கொண்டுவந்தார். கிடங்கில் இரண்டு மூட்டை இடம் காலியானதில் அவருக்குப் பெரிய நிம்மதி. கிளம்பும்போது சட்டைக்குள்ளிருந்து கண்ணாடிக் குடுவையை எடுத்து இருசப்பனிடம் நீட்டினார். "இதையும் கொண்டும்போய் நெலத்துல உட்டுடுப்பா. இங்க ஏசி அதுக்கு ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டு, பஸ் நகரும்வரை அங்கேயே நின்றார்.

பஸ் மலையடிவாரம் வந்ததும் சோதனைச் சாவடியில் நின்றது. மலைக்குப் பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது. காவலர் உள்ளே ஏறி, பார்த்துக்கொண்டே வந்து, மூட்டையைத் தடியால் குத்தினார். "இதுல இன்னா?"

செந்தமிழ்ச்செல்விக்குப் பொய் வரவில்லை. "பிளாஸ்டிக் மாதிரி சார். ஆனா பிளாஸ்டிக் இல்ல."

"மாதிரியா? கீழ எறக்கு."

பஸ்ஸில் எல்லோரும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கண்டக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் இயக்குநர் கொடுத்த தாளை எடுத்து நீட்டினாள். தோல்வி என்று எழுதிய தாளைக் காவலர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் இன்னும் கடுகடுத்தது.

இருசப்பன் எழுந்தான். மூட்டையின் கட்டை அவிழ்த்து, பாசி மணிபோல வெள்ளையாக இருந்ததில் ஒரு பிடி அள்ளி, வாயில் போட்டு, நறநறவென்று மென்றான்.

"திங்கிற சாமான் சார்" என்றான் வாய் நிறைய. "மரவள்ளிக் கெழங்குல செஞ்சது. சக்கர."

காவலர் சந்தேகத்தோடு அவன் வாயைப் பார்த்தார். மூட்டைக்குள் கையை விட்டுத் தானும் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். மென்றார். யோசித்தார். மறுபடியும் மென்றார்.

"இனிக்கவே இல்லியே?"

"எங்க மலைக் கெழங்கு சார். மெதுவாத்தான் இனிக்கும்."

காவலர் தலையாட்டிவிட்டு இறங்கினார். தடுப்புக் கம்பு மேலே எழுந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். செந்தமிழ்ச்செல்வி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு, முன்சீட்டில் நெற்றியை முட்டி, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். இருசப்பன் மென்றதை எங்கே துப்புவது என்று தெரியாமல் ஜன்னலைத் தேடிக்கொண்டிருந்தான்.

முதல் வளைவில் பஸ் திரும்பும்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். காவலர் தடுப்புக் கம்பின்மேல் கையை ஊன்றி அப்படியே நின்றிருந்தார். தலையைச் சற்றுச் சாய்த்து, நிதானமாக மென்றபடி, இனிப்புக்காகக் காத்திருந்தார்.